ஆற்றுப்படுத்தும் மாணவர்: அமெரிக்கக் கல்வி பற்றிய சீனர் எழுத்துகள்

பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு வரும் மற்றொருவனை இடைவழியிற் கண்டு, தான் பெற்ற வளத்தை எடுத்துரைத்து, இன்ன வழியிற் சென்றால் நீயும் பெறுவாய் என நெறிப்படுத்துவது ஆற்றுப்படை. தொல்காப்பியர் புறத்திணையியலில் இதற்கு இலக்கணம் கூறினார். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இத்துறையைச் சார்ந்தவை. தமிழாசிரியர் யாவரும் நன்கறிந்த செய்தி இது. ஆயினும், பாணரும் பொருநரும் கூத்தரும் மறைந்தவுடன் இத்துறையும் மறைந்துவிட்டது என்று கொள்ளுதல் பொருந்தாது. பெற்றவன் ஒருவனும் பெறாதவன் ஒருவனும் எதிர்ப்படும் இடந்தோறும் ஆற்றுப்படையின் அமைப்பு உயிரோடு இருக்கிறது. இக்காலத்தில் அஃது ஓயாது ஒலிக்கும் இடங்களுள் ஒன்று சீன நாட்டு உயர்நிலைப் பள்ளி. அங்கே புரவலன் இடத்தில் அமெரிக்கப் பல்கலைக் கழகம் நிற்கிறது. சென்று பயிலும் மாணவன் வழி சொல்கிறான். செல்ல விரும்பும் மாணவனும் அவன் பெற்றோரும் கேட்டு நிற்கின்றனர்.

கேட்டு நிற்போர் தொகை சிறிதன்று. 2009-10ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற சீன மாணவர் 127,628 பேர். அவ்வாண்டில் சீனா இந்தியாவை முந்தி முதலிடம் பெற்றது. 2019-20இல் அத்தொகை 372,532 ஆக உயர்ந்தது. பெருந்தொற்றுக்குப் பின் குறைந்து, 2023-24இல் 277,398 ஆயிற்று. முதலிடமும் மீண்டும் இந்தியாவுக்குச் சென்றது. இத்தனை இளைஞரைக் கடல் கடந்து அழைத்த கருவிகள் பல. விளக்க ஏடுகள், கல்விக் கண்காட்சிகள், தரவரிசைப் பட்டியல்கள், முகவர் நிலையங்கள் எனப் பலவும் அவற்றுள் அடங்கும். ஆயினும், பெற்றோர் நெஞ்சில் ஆழப் பதிவது அங்கே பயிலும் மாணவனின் வாய்ச்சொல்லே.

பல்கலைக் கழகங்கள் இதனை நன்கு அறியும். விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவனைத் தன் பழைய பள்ளியிற் பேசுமாறு அவை வேண்டுகின்றன. வளாகம் காண வருவோர்க்கு இடம் காட்டும் பணியை மாணவர்க்கே தருகின்றன. பெற்றோர் கேள்விகளுக்குச் சீன மொழியில் விடை எழுதவும், கைப்பேசியிற் காணத்தக்க சிறு படங்களை எடுக்கவும் அவர்களை அமர்த்துகின்றன. இல்லினாய் பல்கலைக் கழகம் 2015இல் தன் அமெரிக்கக் காற்பந்தாட்டப் போட்டிகளுக்குச் சீன மாணவரைக் கொண்டு மாண்டரின் மொழியில் நேர்முக வருணனை அளிக்கச் செய்தது. இம்மாணவர் பேசுவனவும் எழுதுவனவும் ஒருவகை இலக்கியமே. அச்சொற்களை நம்பி ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு செலவாகிறது. பதினெட்டு வயது இளைஞன் ஒருவனின் வாழ்க்கைப் போக்கு மாறுகிறது. ஆகவே, அவற்றின் மெய்ம்மையை எடைபோடுதல் திறனாய்வுக்கு உரிய பணியாகும். அதற்கு நூற்றைம்பது ஆண்டு வரலாற்றிலிருந்து நான்கு எழுத்துகள் துணை செய்யும்.

மூன்று உரைகல்

ஆற்றுப்படை நூல்களைக் கற்றார்க்கு, வழி சொல்வோனை மதிப்பிடும் உரைகல் மூன்று கிடைக்கும்.

முதலாவது, பெற்றவனே பேசுதல். பிறர் பெற்றதைக் கேள்வியுற்றவன் ஆற்றுப்படுத்துவதில்லை.

இரண்டாவது, பெறுமுன் இருந்த நிலையை மறையாமை. பொருநராற்றுப்படையிற் பேசுவோன், தான் முன்பு உடுத்திருந்த கந்தலில் ஈரும் பேனும் குடியிருந்ததைச் சொல்லக் கூசவில்லை. சிறுபாணாற்றுப்படையின் பாணன், உப்பின்றி வெந்த கீரையைப் பிறர் காணாதவாறு கதவடைத்து உண்ட வறுமையைச் சொல்லிய பின்னரே யானையும் தேரும் பெற்ற செய்திக்கு வருகிறான்.

மூன்றாவது, வழியின் ஏதங்களை எடுத்துரைத்தல். இதில் தலைசிறந்தது மலைபடுகடாம். நன்னனின் கொடையைப் பாட வந்த அந்நூல், அவனிடம் செல்லும் வழியில் பாம்பு உறையும் குழிகள் எங்கே உள்ளன, பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே உள்ளன, யானையை விரட்டக் கானவர் எறியும் கல் எங்கிருந்து வரும், பாசி படர்ந்து வழுக்கும் துறை எது என்றெல்லாம் நிரல்படக் கூறுகிறது. புரவலனைப் புகழ்வதற்கென்றே எழுந்த பாட்டு, அவன் நாட்டின் இடர்களை இவ்வளவு விரிவாக உரைப்பது எண்ணத்தக்கது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். ஆற்றுப்படை பாடிய புலவரும் பரிசில் பெற்றவர்தாமே? அவர் சொல்லை எங்ஙனம் நம்புவது? இவ்வையம் நேரியதே. ஆயினும், அப்பாட்டுகளில் எதுவும் ஒளிக்கப்படவில்லை. புரவலன் பெயர் பாட்டிலேயே விளங்க நிற்கிறது. பரிசில் பெற்றேன் என்பதே பேசுவோனின் முதற் செய்தி. கேட்பவன் அதனை அறிந்தே கேட்கிறான். எனவே, பொருள் பெற்றமையால் ஒருவன் சொல் பொய்யாகி விடாது. பெற்றதை மறைத்தால்தான் அச்சொல் கெடும். இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

முதல் வழிகாட்டி

அமெரிக்கப் பல்கலைக் கழகம் ஒன்றிற் பட்டம் பெற்ற முதற் சீனர் யுங் விங் என்பார். மாண்டரின் ஒலிப்பில் அவர் பெயர் ரோங் ஹோங். 1854இல் யேல் கல்லூரியிற் பட்டம் பெற்ற அவர், 'சீனாவிலும் அமெரிக்காவிலும் என் வாழ்க்கை' என்னும் தன்வரலாற்று நூலை ஆங்கிலத்தில் எழுதி 1909இல் வெளியிட்டார். சீன மாணவரின் ஆற்றுப்படை எழுத்துகளுக்கு இந்நூலே தலைவாயில் எனலாம்.

முதல் இரண்டு உரைகல்லுக்கும் இந்நூல் நின்று பிடிக்கிறது. மாக்காவுக்கு அருகிலுள்ள சிற்றூரில் 1828இற் பிறந்தவர் அவர். தந்தை இறந்த பின் மிட்டாய் விற்றதையும், அறுவடை முடிந்த வயல்களிற் சிந்திய நெற்கதிர் பொறுக்கியதையும், அச்சகத்தில் தாள் மடித்ததையும் அவர் ஒளிக்கவில்லை. தம் பள்ளி ஆசிரியராகிய அமெரிக்கப் பாதிரியார் நாடு திரும்பும்போது, உடன் வர விரும்புவோர் யார் எனக் கேட்டார். எழுந்து நின்ற மூன்று மாணவருள் யுங் விங் ஒருவர். செய்தி கேட்டுத் தாய் அழுததும், மகன் இல்லாத காலத்தில் அக்குடும்பங்களைத் தாங்க ஈராண்டுக்குப் பொருளுதவி ஏற்பாடாகியிருந்ததும் நூலில் உள்ளன. 1847இல் தேயிலை ஏற்றிய பாய்க்கப்பலில் தொண்ணூற்றெட்டு நாள் கடலிற் கழித்து அவர் நியூயார்க்கு சேர்ந்தார்.

யேலிற் சேரும் காலத்தில் நிகழ்ந்த ஒன்று, நூலின் நெஞ்சப் பகுதி எனத்தக்கது. கல்லூரிச் செலவுக்கு உதவ ஓர் அறநிதி முன்வந்தது. ஆனால், படிப்பு முடிந்தபின் சமயப் பணியாளராகச் சீனா செல்வேன் என்று உறுதி எழுதித் தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. யுங் விங் வறியவர். வேறு வழி கண்ணுக்குத் தோன்றாத நேரம். ஆயினும் அவர் மறுத்தார். நாட்டுக்குப் பயன்படும் வழியைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை முன்னரே விற்றுவிட அவர் உடன்படவில்லை. பின்னர் சவானா நகர மகளிர் சங்கம் ஒன்று நிபந்தனையின்றி உதவிற்று. உடன் பயின்றோர்க்கு உணவு விடுதிப் பொறுப்பாளராக உழைத்தும், மாணவர் கழக நூலகத்தைக் காத்தும் அவர் எஞ்சிய செலவை ஈடுகட்டினார். நுண்கணிதத்தில் தாம் தடுமாறியதையும் ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு பெற்றதையும் ஒருங்கே எழுதியுள்ளார். பெருமையும் குறையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டமையால் நூலின் மேல் நம்பிக்கை பிறக்கிறது.

தாம் பெற்ற கல்வியைச் சீனத்தின் இளந்தலைமுறையும் பெற வேண்டும் என்னும் எண்ணம் கல்லூரி நாளிலேயே அவருக்குத் தோன்றிற்று. அது நிறைவேறப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. செங் குவோஃபான், லீ ஹோங்சாங் என்னும் பெருந்தலைவர் இருவரின் ஆதரவால், 1872 முதல் 1875 வரை ஆண்டுக்கு முப்பது பேராக நூற்றிருபது சிறுவர் அனுப்பப்பட்டனர். முதல் முப்பது பேரை ஷாங்காயில் திரட்ட முடியாமல், அவர் ஹாங்காங் பள்ளிகளுக்கே சென்று எஞ்சியோரைத் தேட வேண்டியிருந்தது. பெரும்பாலான சிறுவர் தென்சீனக் குவாங்டோங்கைச் சேர்ந்தவர்.

அப்போது ஒவ்வொரு பெற்றோரும் ஓர் உறுதிச்சீட்டில் ஒப்பமிட வேண்டும். பதினைந்தாண்டு மகனைப் பிரிந்திருக்க உடன்படுகிறோம், அக்காலத்தில் இறப்போ விபத்தோ நேர்ந்தால் அரசு பொறுப்பன்று என்பது அதன் பொருள். கொடிய சீட்டு என்று தோன்றலாம். ஆனால், மலைபடுகடாம் செய்த பணியையே அது செய்தது. வழியிற் குழி உண்டு என்பதைத் தந்தையின் கண்முன் எழுத்தில் வைத்தது. யுங் விங் அரசின் ஊதியம் பெற்ற ஆணையர் என்பதும் எல்லாரும் அறிந்தது. அவ்வூதியத்தைத் தந்தது பிள்ளைகளை அனுப்பிய நாடு. ஏற்றுக்கொண்ட கல்லூரி அன்று.

மூன்றாம் உரைகல்லில்தான் நூல் சற்றே மாற்றுக் குறைகிறது. சிறுவர் ஆடை மாற்றினர், பந்தாடினர், கிறித்தவக் கோயிலுக்குச் சென்றனர், பின்னலை வெறுத்தனர் என்ற குற்றச்சாட்டுகள் பீக்கிங்கை எட்டின. அவர்களை அமெரிக்கப் படைத்துறைக் கல்லூரிகளிற் சேர்க்க அந்நாட்டரசு மறுத்தது. அம்மறுப்பையும் அதன் பின்னிருந்த இனவெறுப்பையும் யுங் விங் சினத்தோடு பதிவு செய்கிறார். 1881இல் எல்லாரையும் திரும்ப வருமாறு ஆணை பிறந்தது. படிப்பை முடித்தவர் மிகச் சிலரே. அவருள் ஒருவர், பின்னாளில் பீக்கிங்குக்கும் சாங்சியாக்கோவுக்கும் இடையே இருப்புப்பாதை அமைத்த பொறியியலறிஞர் சான் தியன்யோ.

யுங் விங் இத்தோல்வியின் காரணங்களை அலுவலரிடையே தேடுகிறார். எதிரிகளை விரிவாகச் சாடுகிறார். ஆனால், நூற்றிருபது சிறுவரும் தனித்தனி மாந்தராக அவர் நூலிற் பெரிதும் வரவில்லை. ஷாங்காயில் இறங்கியவுடன் காவலோடு பாழடைந்த கட்டடத்தில் அடைக்கப்பட்ட துயரை, அவருள் ஒருவர் அமெரிக்க நண்பருக்கு எழுதிய கடிதத்திற் காணலாம். 1852இல் யுங் விங் பெற்ற அமெரிக்கக் குடியுரிமை 1898இற் செல்லாது எனப்பட்டது. பதினோராண்டு கழித்து வெளிவந்த நூலில் அந்நிகழ்ச்சிக்கு உரிய இடம் இல்லை. வழிகாட்டியே விழுந்த குழியை வழி சொல்லும்போது விட்டுவிடுதல் குறையே. எனினும், ஐந்து பங்கில் நான்கு பங்கு மெய் சொன்ன நூலை அக்குறையால் ஒதுக்கிவிட இயலாது.

போகாதே எனச் சொன்ன மாணவர்

இரண்டாவது எழுத்து ஒரு கட்டுரை. குத்துச்சண்டைக் கிளர்ச்சிக்குப் பின் சீனம் செலுத்திய தண்டத் தொகையில் மிகையான பகுதியைத் திருப்பித் தர 1908இல் அமெரிக்கா இசைந்தது. அப்பணத்தில் மாணவரைத் தேர்வு வைத்து அனுப்பினர். 1909இல் நாற்பத்தேழு பேரும் 1910இல் எழுபது பேரும் சென்றனர். இரண்டாம் அணியிற் சென்றவர் ஹூ ஷி. கார்னெல் பல்கலைக் கழகத்தில் வேளாண்மை பயிலத் தொடங்கி, மெய்ப்பொருளியலுக்கு மாறி, பின் கொலம்பியாவில் ஜான் டூயியிடம் பயின்றவர். சீன மொழியில் பேச்சுவழக்கு எழுத்துக்கு இயக்கம் கண்டவர்.

அவர் 1914இல், இருபத்திரண்டு வயதில், அமெரிக்காவிலுள்ள சீன மாணவரின் ஆண்டிதழில் அயல்நாட்டுக் கல்வியை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். பேச்சுமொழிக்குப் பின்னாளிற் போராடியவர், இதனைப் பழைய இலக்கிய நடையிலேயே எழுதினார் என்பது குறிக்கத்தக்கது. தொன்மையான ஒரு நாடு தன் பிள்ளைகளை அயலார் வாயிலிற் கற்க அனுப்புவது நாட்டுக்கு நாணம் என்கிறார். அயல்நாட்டுக் கல்வியை ஆறு கடக்கும் ஓடத்தோடு ஒப்பிடுகிறார். அயல்நாட்டிற் கற்பதன் நோக்கம், பிற்காலத்தவர் அயல்நாடு செல்ல வேண்டாத நிலையை உண்டாக்குவதே என்பது கட்டுரையின் உயிர்க்கருத்து. மாணவர் விரைவிற் பட்டம் பெறத் துடிக்கின்றனர், பொறியியலைப் போற்றிக் கலைத்துறைகளை இகழ்கின்றனர், தாய்நாட்டின் மொழியையும் கல்வியையும் அறியாதிருக்கின்றனர் என உடன் பயில்வோரையே இடித்துரைக்கிறார். நாட்டில் நல்ல பல்கலைக் கழகங்களை எழுப்புவதே மருந்து என்கிறார்.

புரவலன் பொருளில் வாழும் ஒருவர், அவன் வாயிலில் இருந்துகொண்டே, இங்கே கூட்டமாக வாராதீர் என எழுதுவது எளிதன்று. புறநானூற்றுப் பெருஞ்சித்திரனார், இளவெளிமான் தந்த சிறு பரிசிலைக் கொள்ளாது சென்றது நினைவுக்கு வரலாம். ஆனால், ஹூ ஷி பெற்ற பரிசில் சிறிதன்று. அவர் அதனை விடவும் இல்லை. பின்னாளில் 1938 முதல் 1942 வரை அமெரிக்காவுக்கான சீனத் தூதராக இருந்தார். 1949க்குப் பின் பல்லாண்டுகளை நியூயார்க்கிற் கழித்தார். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே முரண் உண்டு எனச் சிலர் கூறலாம். கட்டுரையை ஊன்றிப் படித்தால் முரண் பெரிதும் குறையும். ஓடத்தில் ஏறியவன் ஓடம் வேண்டாம் எனக் கூறவில்லை. கரை ஏறிய பின் பாலம் கட்டு என்கிறான். 1947இல் பீக்கிங் பல்கலைக் கழகத் தலைவராக இருந்தபோது, சீனம் பத்தாண்டிற் கல்வித் தன்னுரிமை பெற ஒரு திட்டத்தை அவர் முன்வைத்தார். எண்ணம் முப்பத்து மூன்று ஆண்டுகளாக மாறாதிருந்தமை புலப்படும்.

கட்டுரையின் குறை வேறிடத்தில் உள்ளது. எல்லாவற்றையும் நாடு என்னும் ஒரே கோலால் அது அளக்கிறது. அறிவுப்பசியால், அல்லது வீட்டு வறுமையால், அல்லது அடைபட்ட வாழ்விலிருந்து விடுபடும் வேட்கையால் செல்லும் தனி மாந்தனுக்கு அக்கோலில் இடம் இல்லை. ஆயினும், எந்த வழிகாட்டியும் கேளாத ஒரு கேள்வியை இக்கட்டுரை கேட்டது. எங்ஙனம் செல்வது என்பதற்கு முன், எதற்காகச் செல்வது என்பதே அக்கேள்வி.

பெற்றோர் எழுதிய நூல்

1949க்குப் பின் இவ்வழி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. 1978 திசம்பரில் ஐம்பத்திரண்டு அறிஞர் அமெரிக்கா சென்றதோடு மீண்டும் திறந்தது. தொடக்கத்தில் அரசுச் செலவிலும் பல்கலைக் கழக உதவியிலும் சென்றோரே மிகுதி. நடுத்தரக் குடும்பங்களின் நோக்கு இளநிலைப் படிப்பின்பால் திரும்பியபோது, 2000ஆம் ஆண்டில் 'ஹார்வர்டு மங்கை' என்று பெயர் பெற்ற நூல் வெளிவந்தது. பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அதனைப் பின்பற்றிப் பற்பல நூல்கள் தோன்றின.

முதல் உரைகல்லிலேயே இந்நூல் தவறிவிடுகிறது. எழுதியவர் மாணவியல்லர், அவருடைய பெற்றோர். மகள் ஹார்வர்டிற் சேர்ந்தது 1999இல். நூல் வந்தது அடுத்த ஆண்டில். ஆகவே, நான்காண்டுப் படிப்பைப் பற்றி அந்நூல் சொல்ல இயல்வது சிறிது. பிறந்த நாள் முதல் பிள்ளையை வளர்த்த முறையே நூலின் பொருள். மன உறுதி வளர்வதற்காகப் பனிக்கட்டியைக் கால்மணி நேரம் கையிற் பிடித்திருக்கச் செய்த பயிற்சி நாடெங்கும் பேசப்பட்டது. பல்கலைக் கழகம் அங்கே ஒரு கல்விக் கூடமாக வரவில்லை. வளர்ப்பு வென்றது என்பதற்குரிய முத்திரையாக வருகிறது. பரிசிலை மட்டும் காட்டி வழியையும் புரவலனையும் சொல்லாத ஆற்றுப்படை இது. படித்த பெற்றோர், பல்லாயிரக்கணக்கான பிள்ளைகளின் கையில் பனிக்கட்டியை வைக்கக் கற்றனரேயன்றி, அமெரிக்கக் கல்வி எத்தகையது என அறிந்தாரில்லை. எனினும், கல்வி பற்றிப் பெற்றோர் கொண்டிருந்த ஏக்கத்தை இந்நூல் போல் காட்டியது பிறிதில்லை. சமூகச் சான்று என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு.

மூவர் எழுதிய நூல்

2009ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பயின்றுகொண்டிருந்த சீன மாணவர் மூவர் சேர்ந்து சீன மொழியில் ஒரு நூல் வெளியிட்டனர். ஒருவர் மேய்ன் மாநிலத்துப் போடின் கல்லூரியிலும், மற்றிருவர் பென்சில்வேனியாவிலுள்ள பிராங்கிளின் மார்சல் கல்லூரி, பக்னெல் பல்கலைக் கழகம் ஆகியவற்றிலும் பயின்றோர். மாணவர் தொகை சிறிது, வகுப்புகள் சிறியவை, ஒரு துறையில் உடனே அடைபடாமல் கலையும் அறிவியலும் கலந்து கற்பது என்னும் இயல்புடைய இளநிலைக் கல்லூரிகளைத் தம் நாட்டார்க்கு அறிவிப்பதே நூலின் நோக்கம்.

அந்நோக்கத்தின் அருமையை உணர, சீன மொழியின் ஒரு சொல்லை அறிய வேண்டும். 'தாசுவே' என்பது பல்கலைக் கழகம். 'சுவேயுவான்' என்பது கல்லூரி. இரண்டாவது சொல், முதலாவதனினும் தாழ்ந்த நிறுவனத்தையே சீனப் பெற்றோர்க்கு நினைவூட்டும். பல்கலைக் கழகம் செல்ல முடியாதவன் கல்லூரிக்குச் செல்கிறான் என்பது பொது எண்ணம். தமிழிலும் 'கல்லூரி' என்ற சொல்லை 'பல்கலைக் கழகம்' என்பதன் பக்கத்தில் வைத்தால் இம்மயக்கம் நேரும். 1794இல் நிறுவப்பட்ட போடின் போன்ற பழம்பெருங் கல்லூரிகள், பெயர் ஒன்றினாலேயே சீனரிடத்து மதிப்பிழந்து நின்றன. விளக்க ஏடு எத்தனை அச்சிட்டாலும் நீங்காத இம்மயக்கத்தை, அங்கே பயில்வோர் தம் மொழியில் எடுத்துரைத்தால் நீக்கலாம். மாணவர் செய்யத்தக்க வழிகாட்டலுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மூவரும் மூன்று நிறுவனத்தைச் சேர்ந்தவராதலின், நூல் ஒரு புரவலனுக்கு மட்டும் வாயுறையாகவில்லை. ஒரு கல்வி முறைக்கு அது வாதாடிற்று.

குறையொன்று உண்டு, அது இத்துறை முழுமைக்கும் உரியது. எழுதுவோர் எல்லாரும் வென்றோர். இடையிற் படிப்பை விட்டவன், தனிமையில் நலிந்தவன், கடன் தீராது திரும்பியவன் நூல் எழுதுவதில்லை. அவனைப் பேச அழைப்பாரும் இல்லை. தமிழ்ச் சான்றோர், கொடுத்தவனைப் பாடிய பாட்டையும் கொடாதவனைக் கடிந்த பாட்டையும் ஒரே தொகையிற் கோத்து வைத்தனர். அத்தகைய தொகை சீன மாணவர்க்கு இன்னும் தேவை.

கூலி பெறும் நா

இனி, ஆற்றுப்படுத்துவோன் வணிகனாகும் நிலை. அமெரிக்க மாநிலங்கள் பல, 2008ஆம் ஆண்டுப் பொருள் முடைக்குப் பின் தம் பல்கலைக் கழகங்களுக்குத் தரும் நிதியைக் குறைத்தன. அவ்விடைவெளியை நிரப்பியவற்றுள் ஒன்று, முழுக்கட்டணம் செலுத்தும் அயல்நாட்டு மாணவரின் பணம். இல்லினாய் பல்கலைக் கழகத்தின் பொறியியல், வணிகவியற் கல்லூரிகள், சீன மாணவர் வரவு திடீரெனக் குறைந்தால் நேரும் இழப்புக்கு ஆறு கோடி டாலர் வரை ஈடு பெறக் காப்புறுதியே எடுத்தன. அதற்கு ஆண்டுக் கட்டணம் 424,000 டாலர். சங்ககாலப் புரவலன் பாணரால் புகழ் பெற்றான், பொருள் பெறவில்லை. இக்காலப் புரவலனோ வருவோரின் பொருளை எதிர்நோக்குகிறான். ஆற்றுப்படையின் அடிப்படையே இங்கே தலைகீழாகிவிட்டது.

அமெரிக்கச் சட்டமும் ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. கூட்டரசு நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்கள், சேர்த்த தலை எண்ணி ஆள் சேர்ப்போர்க்குக் கூலி தருதல் கூடாது என 1992 முதல் அச்சட்டம் தடுக்கிறது. ஆனால், அயல்நாட்டில் வாழும், அவ்வுதவிக்கு உரிமையற்ற மாணவரைச் சேர்ப்பதற்கு அத்தடை இல்லை. சேர்க்கை ஆலோசகரின் தேசியச் சங்கமும் நெடுநாள் தயங்கி, 2013இல் அயல்நாட்டு முகவர்க்குக் கழிவுத் தொகை தருவதை, பொறுப்பும் வெளிப்படையும் வேண்டும் என்னும் நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தது. ஆகவே, ஒரு முகவர் குடும்பத்திடம் கட்டணமும் பல்கலைக் கழகத்திடம் கழிவும் ஒருங்கே பெறுதல் கூடும்.

மாணவன் இவ்வலையிற் சிக்கும் இடம் நுட்பமானது. சீன மாணவர் தமக்கு மூத்தோரைச் 'சுவேஜாங்', 'சுவேஜியே' என அழைப்பர். கல்வியில் அண்ணன், கல்வியில் அக்காள் என்பது பொருள். உறவுமுறை கலந்த சொல். அக்காள் சொன்னால் நம்பாதவர் யார்? வளாகத்தில் பல்கலைக் கழகச் சட்டை அணிந்து, ஊதியம் பெற்று இடம் காட்டும் மாணவி எதனையும் மறைக்கவில்லை. அவள் புரவலன் பெயரை மார்பிலேயே தாங்கியிருக்கிறாள். கேட்போரும் அதற்கேற்ப அவள் சொல்லை எடைபோடுவர். அதே மாணவி, சேரும் ஒவ்வொருவருக்கும் முகவரிடம் தொகை பெற்றுக்கொண்டு, அதனைச் சொல்லாது 'அக்காள்' என்ற பெயரில் அறிவுரை கூறினால், அங்கே கெடுவது ஒரு குடும்பத்தின் பணம் மட்டுமன்று. அடுத்து உண்மை சொல்ல வரும் அக்காளையும் எவரும் நம்பாத நிலை உண்டாகும்.

சொல்ல வேண்டிய ஏதங்கள்

இக்கால ஆற்றுப்படையில் மலைபடுகடாத்தின் குழிகளுக்கு ஒப்பானவை யாவை? அயல்நாட்டு மாணவரின் பொருள்நிலையைப் பாராது சேர்த்து, தேவையான உதவி முழுவதும் தரும் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பிறவற்றுட் பலவற்றில் நான்காண்டுச் செலவின் பெரும்பகுதியைக் குடும்பமே தாங்க நேரும். 2020 மே மாதத்தில் பிறந்த அதிபர் ஆணையொன்று, சீனப் படைத்துறைத் தொடர்புடையவை எனக் கருதப்பட்ட நிறுவனங்களிற் பயின்ற பட்டமேற்படிப்பு மாணவர்க்கு நுழைவைத் தடுத்தது. 2025 மே மாதத்தில், சீன மாணவர் பலரின் நுழைவிசைவை நீக்கப்போவதாக அமெரிக்க அரசு அறிவித்தது. சில மாதங்களுக்குள் ஆறு இலட்சம் சீன மாணவரை வரவேற்பதாக அதிபரே கூறினார். 1881இல் பீக்கிங் ஆணையால் வழி அடைபட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்கா சீனத் தொழிலாளர் வருகையைத் தடைசெய்யும் சட்டம் இயற்றிற்று. நூற்றுநாற்பது ஆண்டு கழிந்தும், இரு நாட்டரசுகளின் பிணக்கு மாணவன் தலைமேல் விழும் என்னும் உண்மை மாறவில்லை. இதனைச் சொல்லாத வழிகாட்டி, பாதி வழியே காட்டியவன் ஆவான்.

இவற்றைச் சொன்னால் மாணவர் வாரார் எனப் பல்கலைக் கழகங்கள் அஞ்சுதல் வேண்டா. பெற்றோரிடம் உறுதிச்சீட்டு வாங்கிய பின்னரும் நூற்றிருபது சிறுவர் சென்றனர். மலைபடுகடாம் கேட்ட கூத்தரும் நன்னனிடம் செல்லாது நின்றாரில்லை. இடரை அறிந்து சென்றவன் இடர் வந்தபோது கலங்கான். இனிமை ஒன்றையே கேட்டுச் சென்றவன் முதற் குளிர்காலத்திலேயே மனம் உடைவான்.

நான்கு எழுத்துகளையும் நிரல்படுத்தினால், யுங் விங்கின் நூல் முதலிடம் பெறும். ஹூ ஷியின் கட்டுரை அதன் அருகில் வைத்துப் படிக்கத்தக்கது. ஒன்றை மட்டும் படிப்பவன் ஒருபுறமே சாய்வான். மூவர் நூல் அளவிற் சிறிய பணியை நேர்மையாகச் செய்தது. 'ஹார்வர்டு மங்கை' வழி நூலன்று, வளர்ப்பு நூல். இவ்வரிசைக்கு வெளியே, நாள்தோறும் எழுந்து மறையும் மாணவர் பேச்சுகள் எண்ணிறந்தன. அவற்றைக் கேட்கும் பெற்றோரும், அறிவுரை கேட்டு வரும் மாணவரை எதிர்கொள்ளும் ஆசிரியரும் கேட்கத்தக்க கேள்விகள் மூன்றே: சொல்பவன் தானே சென்றவனா? தான் பட்டதைச் சொல்கிறானா? சொல்வதற்கு எவரிடமேனும் பெறுகிறான் எனில், அதனை வெளிப்படையாகக் கூறுகிறானா?

மலைபடுகடாத்தில் ஒரு குறிப்பு உண்டு. வழிகள் கூடிப் பிரியும் இடத்தில், பின் வருவோர் திகையாதவாறு புல்லை முடிந்து அடையாளம் செய்து செல்லுமாறு அங்கே கூத்தனுக்குக் கூறப்படுகிறது. புல் முடிந்தவனுக்குப் பரிசில் எதுவும் இல்லை. அவன் பெயரையும் பின் வருவோர் அறியார். ஆனால், முடிச்சு எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில் மெய்யாகவே ஊர் இருக்கும்.